எழுத்தாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

கி.மு. 399இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் தன் தரப்பை எடுத்துச் சொன்ன சாக்ரடீஸ், நடுவே கவிஞர்களைப் பற்றியும் ஒரு குறை சொன்னதாகப் பிளேட்டோ எழுதிவைத்திருக்கிறார். தன்னைவிட அறிவில் மிக்கவர் யாராவது அகப்படுவாரா என்று தேடி அலைந்தவர் கவிஞர்களிடமும் போனார். அவர்கள் மிகவும் மெனக்கெட்டுச் செய்தவையாகத் தெரிந்த கவிதைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, இவற்றுக்குப் பொருள் என்ன என்று கேட்டார். கிடைத்த பதில்கள் ஏமாற்றமாக இருந்தன. பக்கத்தில் நின்றவர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் கவிஞர்களைவிட நன்றாகப் பேசியிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. கவிஞர்கள் அறிவைக் கொண்டு எழுதுவதில்லை, குறி சொல்பவர்களைப் போல ஏதோ ஆவேசத்தில் சொல்லிவிடுகிறார்கள், சொன்னதன் பொருள் அவர்களுக்கே தெரிவதில்லை என்ற முடிவுக்கு வந்தார். எழுத்தாளர்களைத் தேடிப்போய் அவர்களுடைய எழுத்தைப் பற்றிக் கேட்டதாக நமக்குக் கிடைக்கும் பழைய பதிவுகளில் இது ஒன்று. கேட்டவரோ கேள்வி கேட்பதற்கென்றே பேர்போனவர். அப்படியும் அந்தப் பேட்டி தோற்றுப்போனது.

தோற்றதற்குக் கேள்விதான் காரணம் என்று நினைக்கிறேன். 'இதன் பொருள் என்ன?', 'இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது?' ஆகிய இரண்டும் எழுத்தாளரால் நம்பகமாக விடை சொல்ல முடியாத கேள்விகள். 'எத்தனை முறை திருத்தினீர்கள், எந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதினீர்கள், எதை வெட்டி எறிந்தீர்கள்?' என்பவையோ அவரைத் தவிர வேறு ஒருவரும் விடை சொல்ல முடியாத கேள்விகள். இன்று பத்திரிகை, புத்தகக் காட்சி மேடை, யூடியூப் என்று எங்கே பார்த்தாலும் எழுத்தாளர் பேட்டிகள். முதல் வகை விடைகளைச் சாட்சியமாக ஏற்று மேற்கோள் காட்டுகிறோம். இரண்டாம் வகை விடைகளைச் சுவையான துணுக்குகளாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். இது தலைகீழாக இருக்க வேண்டும். எழுத்தாளர் தன் கை செய்ததைச் சொல்லும்போது அவரைச் சாட்சியாக நம்பலாம். தன் மனத்துக்குள் நடந்ததைச் சொல்லும்போது அவர் இன்னொரு கதை எழுதுகிறார் என்று கொள்வதே நல்லது.

இதைச் சோதித்துப் பார்க்க வாகான இடம் 'தி பாரிஸ் ரிவ்யூ' என்ற காலாண்டிதழ். பீட்டர் மாத்தியசன், ஹெரால்டு ஹியூம்ஸ், ஜார்ஜ் பிளிம்ப்டன் ஆகிய அமெரிக்க இளைஞர்கள் 1953இல் பாரிஸில் தொடங்கிய இதழ் அது. எழுத்தாளர்களைப் பற்றி விமர்சகர்கள் எழுதும் கட்டுரைகளுக்குப் பதிலாக, எழுத்தாளர்களையே தங்கள் தொழிலைப் பற்றிப் பேசவைப்பது என்று அவர்கள் தீர்மானித்தார்கள். முதல் இதழில் பேசியவர் ஈ. எம். ஃபார்ஸ்டர். 1924இல் 'எ பாஸேஜ் டு இந்தியா' வந்த பிறகு நாவலே வெளியிடாதிருந்தவர். அவரிடம் எழுதி முடித்த நாவல்களோடு, முடிக்க முடியாமல் விட்ட ஒன்றைப் பற்றியும் கேட்டார்கள். ஒலிப்பதிவுக் கருவி பரவலாகாத அந்த நாட்களில் பேட்டி எடுப்பவர்கள் இருவராகப் போவார்கள். இருவரும் தனித்தனியே குறிப்பெடுத்து, பிறகு ஒப்பிட்டுப் பார்த்து எழுதுவார்கள். எழுதியதை எழுத்தாளரிடமே கொடுத்துத் திருத்தமும் வாங்குவார்கள். 1958இலிருந்து தொகுப்புகளாகவும் வெளிவந்த அந்த வரிசை இன்றுவரை தொடர்கிறது. ஃபாக்னர், ஹெமிங்வே, நபக்கவ், கார்சியா மார்க்கேஸ், டோனி மாரிசன் என்று அதில் பேசியவர்கள் பலருடைய கையெழுத்துப் பிரதிகளும் நூலகங்களில் இருக்கின்றன. ஆகவே சொன்னதையும் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

1958ஆம் ஆண்டு வசந்தகால இதழில் வந்த ஹெமிங்வே பேட்டியை எடுத்துக்கொள்வோம். 1929இல் வெளியான 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருப்பி எழுதியதாக அதில் அவர் பிளிம்ப்டனிடம் சொன்னார். ஏறக்குறைய முப்பது ஆண்டுக்கு முந்தைய வேலை. சொன்னவரோ தன்னைப் பற்றிய கதைகளைப் பெரிதாக்கிச் சொல்வதில் கூச்சம் இல்லாதவர். எனவே சந்தேகப்பட எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் பாஸ்டனில் உள்ள கென்னடி நூலகத்தில் சேர்ந்திருந்த அவருடைய வரைவுகளை அவருடைய பேரன் ஷான் ஹெமிங்வே ஆராய்ந்து, 2012இல் அந்த நாவலின் புதிய பதிப்பைக் கொண்டுவந்தபோது 47 முடிவுகள் அதில் இடம்பெற்றன. சில ஒரே வாக்கியம், சில பல பத்திகள். பெருமை பேசுகிறார் என்று தோன்றிய இடத்தில் அவர் குறைத்தே சொல்லியிருந்தார். அதே பேட்டியில், எழுத்தில் கெட்டியான ஒரு பகுதி உண்டு, அதைப் பற்றிப் பேசினால் அதற்குச் சேதமில்லை; எளிதில் நொறுங்கும் இன்னொரு பகுதியும் உண்டு, அதைப் பேசினால் கட்டுமானமே விரிசல் விட்டுவிடும் என்ற கருத்தையும் சொன்னார். பேட்டியை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்குப் பேட்டி கொடுத்தவரே தந்த வழிகாட்டி இது. கெட்டியான பகுதி கைவேலை. அங்கே அவர் சொன்னது ஆவணத்தோடு பொருந்துகிறது.

வில்லியம் ஃபாக்னரிடம் இந்த இரண்டும் ஒரே பதிலுக்குள் பின்னிக் கிடக்கின்றன. 'ஆஸ் ஐ லே டையிங்' நாவலை நாளுக்குப் பன்னிரண்டு மணிநேர உடலுழைப்பு வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில், ஏறத்தாழ ஆறு வாரத்தில் எழுதியதாக 1956இல் பாரிஸ் ரிவ்யூவிடம் அவர் சொன்னார். அதற்கு முன்பே, 1932இல் தன் இன்னொரு நாவலுக்கு எழுதிய முன்னுரையில் இதை விரிவாகச் சொல்லியிருந்தார்: மின்நிலையத்தில் இரவு வேலை, கரி அள்ளிக் கொட்டுவது, தள்ளுவண்டியையே மேசையாக்கிக்கொண்டு நள்ளிரவு 12 முதல் 4 வரை எழுத்து, ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் முடித்தது. கையெழுத்துப் பிரதி இருக்கிறது. அதில் அவரே இட்ட தேதிகள் 1929 அக்டோபர் 25, டிசம்பர் 11. ஆறு வாரம் என்பது ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது. ஒரு சொல்லும் மாற்றவில்லை என்பது சரியில்லை. அடித்தலும் திருத்தலும் பிரதியில் கண்ணுக்குத் தெரிகின்றன. மிசிசிப்பிப் பல்கலைக்கழக மின்நிலையத்தில் அவர் பார்த்தது பெரும்பாலும் மேற்பார்வை வேலைதான் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். காலக்கணக்கில் நேர்மையாக இருந்த அதே மனிதர், தான் எப்படிப்பட்ட எழுத்தாளர் என்று சொல்லும் இடத்தில் புனைவுக்குத் தாவிவிட்டார்.

எழுத்து எங்கிருந்து வந்தது என்ற கதைகளில் இந்தப் புனைவு இன்னும் கூடுகிறது. 'குப்ளா கான்' கவிதையை 1816இல் வெளியிட்டபோது கோல்ரிட்ஜ் ஒரு முன்னுரை எழுதினார். அபினி மயக்கத் தூக்கத்தில் முழுக் கவிதையும் கனவாக வந்தது, விழித்து எழுதிக்கொண்டிருக்கையில் போர்லாக் ஊரிலிருந்து யாரோ ஒருவர் வேலையாக வந்து இடையில் கெடுத்துவிட்டார், மிச்சம் மறந்துபோனது என்பது கதை. 1934இல் வெளிச்சத்துக்கு வந்த, அவர் கையாலேயே எழுதிய பிரதி ஒன்று இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதன் சொற்கள் சில இடங்களில் அச்சான வடிவத்திலிருந்து வேறுபடுகின்றன. கனவில் வந்ததையும் கோல்ரிட்ஜ் இழைத்துச் சரிசெய்திருக்கிறார். பிரதியின் அடிக்குறிப்பில் தூக்கம் இல்லை, ஒருவகை மயக்க நிலைதான். போர்லாக் ஆசாமியும் இல்லை. இதற்கு நேர் எதிர்முனையில் எட்கர் ஆலன் போ நிற்கிறார். 1845இல் பெரும்புகழ் பெற்ற 'தி ரேவன்' கவிதையை எழுதிய விதத்தை அடுத்த ஆண்டே கட்டுரையாக விளக்கிய அவர், நீளம், தொனி, பல்லவிச் சொல் என்று ஒவ்வொன்றையும் கணக்குப் போடுவது போலப் படிப்படியாக முடிவு செய்ததாகச் சொன்னார். முழுக்கக் கனவு என்கிறார் ஒருவர், முழுக்கக் கணக்கு என்கிறார் மற்றவர். கவிதை எழுதும் எவரும் இரண்டில் ஒன்றையும் அப்படியே நம்ப மாட்டார்கள்.

இவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று சொல்லிவிடக் கூடாது. தன் முடிவுக்கான காரணத்தைத் தானே உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்வது எல்லா மனிதர்களுக்கும் கடினமான காரியம். 1977இல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட கட்டுரை இதில் புகழ்பெற்றது. அவர்கள் ஒரு கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, இவற்றில் தரமானது எது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் வலது கோடியில் இருந்ததை 40 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். இடது கோடிக்குக் கிடைத்தது 12 சதவீதம். ஏன் என்று கேட்டபோது, அது வைக்கப்பட்டிருந்த இடத்தை ஒருவரும் காரணமாகச் சொல்லவில்லை. ஒரு காலுறையை எடுத்ததற்கே உண்மைக் காரணம் தெரியாத மனம், நானூறு பக்க நாவல் எங்கே கருக்கொண்டது என்பதை மட்டும் துல்லியமாக அறிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கூடவே, புகழ்பெற்ற எழுத்தாளர் ஒரே கேள்விக்கு நூறு தடவை பதில் சொல்லியாக வேண்டும். சொல்லச் சொல்லக் கதை மெருகேறும். 1965இல் குடும்பத்தோடு அகாபுல்கோவுக்குக் கார் ஓட்டிப் போகும் வழியில் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' தனக்குத் திறந்துகொண்டதாக கார்சியா மார்க்கேஸ் சொல்லிவந்தார். பயணத்தை நிறுத்திக் காரைத் திருப்பிவிட்டார் என்று ஒரு வடிவம், விடுமுறையை முடித்துக்கொண்டே வீடு திரும்பினார் என்று இன்னொரு வடிவம். எப்படி இருந்தாலும் 'வீடு' என்ற பெயரில் அந்தக் குடும்பக் கதையோடு அவர் 1940களின் கடைசியிலிருந்தே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பது உறுதி. கார்ப் பயணம் ஒரு நாள். அதற்கு முந்தைய உழைப்பு ஏறத்தாழ பதினேழு ஆண்டு. மேடையில் நினைவுகூரப்படுவது அந்த ஒரு நாள்தான்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். திடீரென்று பொங்கிவரும் எழுத்து என்று ஒன்று உண்மையிலேயே இல்லையா? உண்டு. காஃப்காவின் 'தீர்ப்பு' கதை அதற்குச் சான்று. 1912 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு பத்து மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஆறு வரை ஒரே அமர்வில் எழுதி முடித்ததாக அவர் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். கதையும் அதே நாட்குறிப்பு ஏட்டிலேயே இருக்கிறது. ஆனால் இந்தப் பதிவு ஏன் நம்பிக்கை தருகிறது என்று பார்க்க வேண்டும். முப்பது ஆண்டு கழித்து ரசிகர்கள் முன்னால் சொன்னது அல்ல, அந்தக் காலையிலேயே எழுதியது. அதில் அவர் உறுதியாகச் சொல்வதும் எழுதிய நேரத்தை, நாற்காலியில் மரத்துப்போன கால்களை, விடிந்த ஜன்னலை. ஆவேசத்தின் ஊற்றுக்கண் எது என்பதற்கு அவர் கதையைப் படித்துப் பார்த்துப் பின்னால் தந்த விளக்கங்கள் வேறு. அவை எந்த நல்ல வாசகரின் விளக்கத்துக்கும் சமமானவை, அதற்கு மேல் உரிமை கொண்டவை அல்ல.

இன்னொரு மறுப்பு இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். எழுத்தாளர் சொல்வதில் பாதி புனைவு என்றால் பேட்டியே எதற்கு, படைப்பு மட்டும் போதாதா? விமர்சகர்களான விம்சட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இலும், ரோலான் பார்த் 1967இலும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள்: பிரதியின் பொருளைத் தீர்மானிக்க ஆசிரியரின் நோக்கத்தைத் தேட வேண்டியதில்லை. பொருளைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னதை ஏற்கலாம். ஆனால் அச்சான பக்கம் தன் அழித்தல்களை மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஹெமிங்வே அத்தனை முடிவுகளைத் தூக்கி எறிந்த பிறகு எஞ்சிய ஒன்றைப் படிக்கும் இளைஞர், அது முதல் தடவையிலேயே அப்படி வந்ததாக எண்ணித் தன் கையெழுத்துப் பிரதியைக் கிழித்துப் போட வாய்ப்புண்டு. செய்தவர் வாய் திறந்தால்தான் அந்த மாயை உடையும். புனைவான பகுதிக்கும் பயன் இல்லாமல் போகவில்லை. கரி அள்ளும் ஃபாக்னர் நடந்த உண்மையைச் சொல்லவில்லை என்றாலும், இலக்கியவாதி என்ற அடையாளத்தை உதறி உழைப்பாளியாக நிற்க அவர் எவ்வளவு விரும்பினார் என்பதைச் சொல்லிவிடுகிறார். கோல்ரிட்ஜின் கனவும் போவின் கணக்கும் கவிதை எப்படி இருக்க வேண்டும் என்று அவரவர் கொண்டிருந்த கொள்கைகள். வரலாறாகப் படித்தால் ஏமாற்றும் அவை, விமர்சனக் கட்டுரைகளாகப் படித்தால் ஒளி தருகின்றன.

பதில்களை எழுத்தாளரே திருத்திக்கொள்ளும் பேட்டி எப்படி உண்மையான பேட்டியாகும் என்றும் கேட்கலாம். நபக்கவ் கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கி, பதிலையும் எழுதியே கொடுப்பார். இத்தாலிய நாவலாசிரியர் எலெனா ஃபெரான்டே முகமே காட்டாமல் பெரும்பாலும் எழுத்திலேயே பதில் சொல்லிவந்தவர். அரசியல்வாதியிடம் இந்தச் சலுகையைக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அவர் மறைக்க நினைப்பதை வெளியே கொண்டுவருவதுதான் அங்கே பேட்டியின் வேலை. எழுத்தாளரிடம் நாம் வாக்குமூலம் வாங்கப் போகவில்லை. திருத்தித் திருத்திச் சிந்திப்பதையே தொழிலாகக் கொண்டவர் வாயில் முதலில் வந்த சொல்தான் உண்மை, யோசித்துச் செதுக்கியது செயற்கை என்று சொல்ல ஆதாரம் இல்லை. குறிப்பட்டைகளில் எழுதுகிறேன் என்று நபக்கவ் எழுத்தில் தந்த பதில், அவர் முடிக்காமல் விட்டுப்போன 'தி ஒரிஜினல் ஆஃப் லாரா' 2009இல் 138 அட்டைகளின் நகல்களாக வெளிவந்தபோது கண்முன்னே மெய்ப்பட்டது.

கடைசி மறுப்பு கொஞ்சம் கூர்மையானது. எந்தப் பேனா, எத்தனை மணிக்கு எழுந்தார், நின்றுகொண்டு எழுதினாரா என்பதெல்லாம் வெறும் வம்பு இல்லையா? கேட்பவர் அதோடு நிறுத்தினால் வம்புதான். ஒரு படி மேலே போனால் அதுவே சமூக வரலாறாகிவிடும். 1993இல் பாரிஸ் ரிவ்யூவிடம் பேசிய டோனி மாரிசன், விடிவதற்கு முன்பே எழுந்து இருட்டில் காபி போட்டுக் குடித்து, வெளிச்சம் வருவதைப் பார்த்த பிறகு எழுத உட்காருவதாகச் சொன்னார். இத்தோடு விட்டிருந்தால் அது அழகான ஒரு பழக்கம். ஆனால் அது தொடங்கிய காரணத்தையும் அவர் சொன்னார்: தனியாகப் பிள்ளைகளை வளர்த்த காலத்தில், அவர்கள் எழுந்து அம்மா என்று கூப்பிடுவதற்கு முந்தைய அந்த நேரம் மட்டுமே அவருக்குச் சொந்தமாக இருந்தது. பகலில் ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் வேலை. ஒரு காபிக் கோப்பையைப் பற்றிய விடைக்குள் வருமானம், வேலை, தாய்மை, அவற்றுக்கு நடுவே ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் எழுத்து நேரம் எல்லாம் வந்துவிட்டன. எழுத்துக்கு உந்துதல் எது என்று கேட்டிருந்தால் இது கிடைத்திருக்காது. கைவேலை பற்றிய கேள்வி சிறிய கேள்வி அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

தமிழ் மரபு இந்த வேறுபாட்டை வெகுநாளைக்கு முன்பே உணர்ந்திருந்தது. நூலின் முகப்பில் நிற்கும் சிறப்புப் பாயிரத்துக்கு நன்னூல் இலக்கணம் வகுக்கிறது. ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, பேசும் பொருள், கேட்பதற்கு உரியவர், பயன் என்ற எட்டும் அதில் வர வேண்டும். நூல் பிறந்த காலம், அரங்கேறிய களம், காரணம் ஆகியவற்றையும் சேர்ப்பவர்கள் உண்டு. பட்டியல் முழுக்கப் பிறர் சரிபார்க்கக்கூடிய செய்திகள். கவிஞனின் உள்ளத்தில் என்ன பொங்கியது என்ற கேள்வி அதில் இல்லவே இல்லை. அதோடு, எவ்வளவு பெரிய நூலைச் செய்திருந்தாலும் ஆசிரியன் தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால், பாயிரத்தை அவனுடைய ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணவரோ, உரைகாரரோதான் செய்ய வேண்டும் என்கிறது நன்னூல். பேட்டி எடுப்பவர் இந்த வரிசையில் புதிதாக வந்து சேர்ந்த ஆள். அவர் கேட்பதால்தான் எழுத்தாளர் கூச்சமில்லாமல் தன் வேலையைப் பற்றிப் பேச முடிகிறது. கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்து 1991 முதல் 1995 வரை நடத்திய 'சுபமங்களா', மாதந்தோறும் நீண்ட நேர்காணல்களுக்கு இடம் கொடுத்து, இந்த வடிவத்தைத் தமிழ் வாசகர் பழக்கத்தில் ஊன்றியது. சிற்றிதழ்களும் நடுத்தர இதழ்களும் அந்த வழியில் தொடர்ந்து வந்திருக்கின்றன.

ஆனால் கைவேலையைச் சரிபார்க்கும் ஆவணங்கள் நம்மிடம் குறைவு. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்துவிட்டார். அவரிடம் இனி எதையும் கேட்க முடியாது. இருந்தும் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் வந்த 'புதுமைப்பித்தன் கதைகள்' செம்பதிப்பு, இதழில் வந்த வடிவத்துக்கும் நூலில் வந்த வடிவத்துக்கும் உள்ள பாட வேறுபாடுகளைத் தருகிறது. அவர் எங்கே கை வைத்தார், எதை மாற்றினார் என்று வாசகரே பார்த்துக்கொள்ளலாம். எல்லா எழுத்தாளர்களுக்கும் இப்படியொரு பதிப்பாசிரியர் வாய்ப்பதில்லை. கணினியில் எழுதுபவரின் முந்தைய வடிவம், அடுத்த வடிவத்தைச் சேமிக்கும் நொடியில் பெரும்பாலும் அழிந்தும்போகிறது. எனவே இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களின் கைவேலைக்கு, அவர்கள் வாயால் சொல்வதே பல சமயம் ஒரே சான்றாக இருக்கப்போகிறது. 'எழுத்தார்வம் எப்படி வந்தது?', 'இந்த நாவல் மூலம் என்ன சொல்ல வருகிறீர்கள்?' என்று தொடங்கும் பேட்டி அந்தச் சான்றைத் தவறவிடும். முதல் வரைவில் என்ன இருந்தது, எந்த அத்தியாயத்தில் எத்தனை மாதம் நின்றுவிட்டீர்கள், எந்தப் பாத்திரத்தை எடுத்துவிட்டீர்கள், பதிப்பாசிரியர் சொல்லி எதை மாற்றினீர்கள், எதை மாற்ற மறுத்தீர்கள், எழுதிய காலத்தில் வீட்டுச் செலவுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கும் பேட்டி, நாளைய ஆய்வாளருக்கும் இன்றைய இளம் எழுத்தாளருக்கும் ஒருசேரப் பயன்படும். பொருள் என்ன என்ற விசாரணையை வாசகர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு எழுத்தாளரைவிட அவர்களே பொருத்தமானவர்கள்.